தடுப்பூசி போட்ட இடத்தில் உதிரும் முடி

விசர்நோய்த் தடுப்பூசி போட்ட நாய்க்கு அன்றிரவே முகம் வீங்கினால் வீட்டில் உள்ள எல்லோரும் ஊசியைத்தான் குறை சொல்வார்கள். அதே நாய்க்கு இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தோளுக்கு மேல் ஒரு நாணயக் குற்றியளவில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தால், சொறி என்பார்கள், படை என்பார்கள், தெள்ளுக் கடி என்பார்கள், சாப்பாட்டில் உப்புக் கூடிவிட்டது என்றுகூடச் சொல்வார்கள். ஊசியின் நினைவு மட்டும் எவருக்கும் வராது. ஊசி போட்ட நாளுக்கும் முடி உதிர்ந்த நாளுக்கும் இடையில் அவ்வளவு காலம் ஓடிவிடுகிறது.

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டில் வளரும் ரொனி, வெள்ளை நிறத்தில் நீண்ட முடியுள்ள பொமேரியன் கலப்பு நாய். அதன் வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் முடி உதிர்ந்து வட்டமாக ஓர் இடம் தெரிந்தபோது, கால்நடை வைத்தியர் தோலைத் தொட்டுப் பார்க்கும் முன்னரே தடுப்பூசி அட்டையைத்தான் கேட்டார். திகதியைப் பார்த்துவிட்டு, "ஊசியை எந்த இடத்தில் போட்டார்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார். அட்டையில் திகதியும் மருந்தின் தொகுதி எண்ணும் இருந்தன. இடம் எழுதப்பட்டிருக்கவில்லை. எங்கள் பகுதியில் நடக்கும் இலவசத் தடுப்பூசி முகாம்களில் நாயைப் பிடித்திருப்பவரின் கை எங்கே இல்லையோ அங்கேதான் ஊசி ஏறும்; கழுத்தின் பின்புறமோ தோளோ இடுப்போ தொடையோ, நாய் திமிறுகிற விதத்தைப் பொறுத்தது. அந்த அவசரத்தில் இடத்தை எழுதிவைக்கும்படி கேட்பதும் கடினம். ஆனால் இந்த நோயை அடையாளம் காண்பதற்கு இடமும் காலமும்தான் முதன்மையான சான்றுகள் என்பதால் இதைப் பற்றி விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன்.

விசர்நோய்த் தடுப்பூசி போட்ட இடத்தில் முடி உதிர்வதைப் பற்றிய முதல் அறிக்கை 1986 இல் கனடாவிலிருந்து வெளிவந்தது. அதில் பூடில் இன நாய்கள் அதிகமாக இருந்தன. பின்னர் மால்டீஸ், யோர்க்ஷயர் டெரியர், பிச்சோன், ஷிட்சு முதலிய, உடல் சிறுத்து முடி நீண்ட இனங்களிலும் இதையே கண்டார்கள். மட்டக்களப்பில் பூடில் நாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றாலும், சிறிய, நீண்ட முடியுள்ள கலப்பு நாய்களுக்குப் பஞ்சமில்லை. முடி குட்டையான எங்கள் ஊர் நாய்களில் இது அரிது. வந்தாலும் அவற்றின் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் காயத் தழும்புகளுக்கிடையில் ஒருவர் கண்ணிலும் படாமல் போகக்கூடும்.

தோலுக்குள் நடப்பது இதுதான். நாய்களுக்குப் போடப்படும் விசர்நோய்த் தடுப்பூசியில் கொல்லப்பட்ட வைரசும், நோயை எதிர்க்கும் உடலின் நிர்ப்பீடனத் தொகுதியைத் தூண்டிவிடுவதற்கான துணைப்பொருளும் இருக்கின்றன. மருந்து தோலுக்கடியில் இறங்கியதும் அவ்விடத்தில் நிர்ப்பீடனக் கலங்கள் திரள்வது இயல்பானது. அப்படித் திரள்வதால்தான் பாதுகாப்பும் உருவாகிறது. சில நாய்களில் அந்தத் தூண்டல் அடங்காமல் நீடித்து, அருகிலுள்ள நுண்ணிய குருதிக்கலன்களின் சுவர்களையும் தாக்குகிறது. 1986 ஆம் ஆண்டின் அந்த ஆய்விலேயே விசர்நோய் வைரசின் பிறபொருளை, அதாவது நிர்ப்பீடனத் தொகுதி அடையாளம் காணும் வைரசின் பகுதியை, தோலின் குருதிக்கலன் சுவர்களிலும் மயிர்ப்புடைப்புகளிலும் ஒளிரும் சாயமுறையால் கண்டிருந்தார்கள். சுவர் பழுதடைந்த கலன்களில் குருதியோட்டம் குறைகிறது. முடியை வளர்க்கும் மயிர்ப்புடைப்போ உடலில் மிக வேகமாகக் கலங்கள் பிரியும் இடங்களில் ஒன்று. அதற்குக் குருதி குறைந்தால் தாங்காது. வாய்க்கால் அடைபட்ட வயலில் பயிர் ஒரே நாளில் சாவதில்லை, முதலில் வெளிறி, பிறகு வளர்ச்சி நின்று, கடைசியில்தான் காய்கிறது. மயிர்ப்புடைப்பும் அப்படியே மெல்ல மெல்லச் சுருங்கி, முடியைப் பிடித்துவைக்கும் வலுவை இழக்கிறது. ஊசிக்கும் உதிர்வுக்கும் இடையில் ஒரு மாதத்திலிருந்து ஐந்தாறு மாதங்கள் வரை செல்வதற்கு இதுவே காரணம்.

ஆகவே இது ஊசி போட்டவுடன் வரும் ஒவ்வாமை அன்று. ஒவ்வாமை என்றால் சில நிமிடங்களிலோ மணித்தியாலங்களிலோ முகம் வீங்கும், தடிப்புகள் எழும், நாய் வாந்தி எடுக்கும், சில வேளைகளில் மயங்கி விழும். அதற்கு உடனடிச் சிகிச்சை தேவை. ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் இருந்து கரைந்துபோகும் சிறு கட்டியும் வேறு விடயம். அமெரிக்காவில் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்து 2005 இல் வெளியான ஆய்வொன்று, தடுப்பூசி போட்ட மூன்று நாட்களுக்குள் 10,000 நாய்களில் ஏறத்தாழ 38 நாய்களுக்கு ஏதாவதொரு பக்கவிளைவு பதிவாகியிருந்ததாகவும், உடல் எடை குறைந்த நாய்களில் அது கூடுதலாக இருந்ததாகவும் சொல்கிறது. மூன்று நாள் என்ற அந்த எல்லைக்குள் மாதக் கணக்கில் தாமதித்து வரும் முடி உதிர்வு அகப்படாது. பக்கவிளைவுகளைப் பற்றிய கணக்குகளைப் படிக்கும்போது எத்தனை நாட்களுக்குள் வந்தவற்றை எண்ணினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று அதைப் படித்தபோதுதான் எனக்குத் தோன்றியது.

தடுப்பூசியால் வரும் உதிர்வு பெரும்பாலும் ஒரேயொரு இடத்தில், வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும். நாய் அதைச் சொறிவதும் நக்குவதும் குறைவு. சீழ் இல்லை, ஈரம் இல்லை, நாற்றம் இல்லை. தோல் மெலிந்து வழுவழுப்பாகி, சில வேளைகளில் செதிலுடனும், நாட்பட நாட்படக் கருமையுடனும் காணப்படும். விரலால் தடவினால் அடியில் சிறு தடிப்போ, அதற்கு மாறாகச் சிறு பள்ளமோ தட்டுப்படலாம். ரொனிக்குப் பள்ளம்தான் இருந்தது.

ஆனால் எங்கள் பகுதியில் நாயின் முடி வட்டமாக உதிர்வதற்குத் தடுப்பூசி பத்தில் ஒரு காரணமாகக்கூட இராது என்பது என் எண்ணம். மாரி காலத்தில் நாட்கணக்கில் உலராமல் இருக்கும் அடர்ந்த முடிக்கடியில் பற்றீரியா பெருகி, ஓரிரவுக்குள் சிவந்து கசியும் புண் தோன்றுகிறது; அது வலிக்கும், நாய் தொடவிடாது. தெள்ளுக் கடியின் ஒவ்வாமை வாலின் அடியிலும் பின்தொடைகளிலும் முடியைத் தின்னும். பங்கசுப் படை விளிம்பில் செதிலுடன் விரிந்துகொண்டே போகும், வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் தொற்றும். படைக்கு ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். பச்சையாக ஒளிர்ந்தால் அது உதவும், ஒளிராவிட்டால் படை இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் படையை உண்டாக்கும் பங்கசுகளில் பலவும் அந்த விளக்கில் ஒளிர்வதில்லை. குட்டிகளின் கண்ணைச் சுற்றியும் முன்காலிலும் முடி கொட்டினால், மயிர்ப்புடைப்புக்குள்ளேயே வாழும் டெமொடெக்ஸ் என்ற உண்ணியினத்தைச் சந்தேகிக்க வேண்டும். தோலைச் சிறிது அழுத்திச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அது தெரிந்துவிடும். செலவு குறைந்த பரிசோதனை, சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் எந்த வட்டத்துக்கும் மருந்து எழுதும் வைத்தியரிடம் நான் இரண்டாம் முறை போகமாட்டேன்.

பொமேரியன் வளர்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் நாய்க்கு வெக்கை என்று முடியை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். அந்த இனத்தில் அப்படி வெட்டிய முடி சில வேளைகளில் ஓராண்டு, அதற்கு மேலும்கூட வளராமல் நின்றுவிடுவதுண்டு. வெட்டிய இடம் முழுவதும் ஒரே சீராக முளைக்காமல் நிற்பதைக் கொண்டு அதைப் பிரித்தறியலாம்.

களுவாஞ்சிகுடியிலுள்ள நண்பர் ஒருவரின் பெண் நாய் எனக்கு இதைவிடக் கடினமான பாடம். அதற்கும் இடுப்பில் ஒரு வட்டம், அதற்கும் சொறிச்சல் இல்லை, தோலும் மெலிந்து கறுத்திருந்தது. விசர்நோய்த் தடுப்பூசியென்றே நானும் நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால், குட்டி போடாமல் இருப்பதற்கான ஓமோன் ஊசியும் அதே பருவத்தில் அதே இடுப்பில் போடப்பட்டிருந்தது. அந்த ஓமோன் ஊசியும், தோலுக்கடியில் இறங்கினால், போட்ட இடத்தில் தோலை மெலியச் செய்து முடியை உதிர்க்கவல்லது. நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீரொயிட் ஊசியும் அப்படித்தான். கழுத்துக்குப் பின்னால் ஊற்றும் தெள்ளு மருந்துகூடச் சில நாய்களில் ஊற்றிய இடத்தில் முடியைக் கொட்டவைக்கும். இரண்டு ஊசிகள் ஒரே இடுப்பில் ஏறியிருந்தால் கண்ணால் பார்த்து யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்கு இழையப் பரிசோதனைதான் வழி. அவ்விடத்தை மரக்கச் செய்து, தோலில் சிறு துண்டொன்றை வெட்டியெடுத்து, ஓரிரு தையல் போட்டு, துண்டை நோயியல் ஆய்வுக்கு அனுப்புவார்கள். நாட்டில் கால்நடை மருத்துவம் கற்பிக்கப்படுவது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்பதால் எங்கள் பக்கத்து வைத்தியர்கள் இப்படியான சிக்கல்களுக்கு அங்கேதான் கையைக் காட்டுவார்கள். நண்பர் அதைச் செய்விக்கவில்லை. நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்து ஓமோன் ஊசியை நிறுத்திவிட்டார். அது எப்படியும் நல்ல முடிவு.

ரொனிக்கும் தோல் வெட்டவில்லை. சுரண்டலில் எதுவும் இல்லை, பங்கசு இல்லை, வேறு ஊசி எதுவும் போடப்பட்டிருக்கவில்லை, வட்டம் ஒன்றுதான், காலமும் பொருந்தியது. முகாமில் நாயைப் பிடித்திருந்த என் மருமகனுக்கு ஊசி ஏறியது வலது தோளில் என்பது நினைவிலிருந்தது. இத்தனையும் ஒத்துவந்தால், சிறிய வட்டமொன்றை வெறுமனே கவனித்துக்கொண்டிருப்பதும் முறையான மருத்துவமே என்று வைத்தியர் சொன்னார். மாதம் ஒருமுறை பக்கத்தில் அளவுகோலை வைத்து ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துவைக்கச் சொன்னார். கண்ணுக்குப் பெருத்ததுபோலத் தோன்றும் வட்டம் படத்தில் அப்படியே இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மருந்து தேவைப்படும்போது பெரும்பாலும் முதலில் கொடுப்பது பென்ரொக்சிபிலின். மனிதர்களுக்குக் காலில் குருதியோட்டம் குறையும் நோய்க்குக் கொடுக்கும் அதே குளிசைதான். செங்குருதிக் கலங்களை நெகிழச் செய்து, ஒடுங்கிய கலன்களினூடாகவும் குருதி செல்ல வழிசெய்கிறது. அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. பலன் தெரிய ஒன்றிலிருந்து மூன்று மாதங்கள் செல்லும் என்பதால், இரண்டு வாரத்தில் பலனில்லை என்று நிறுத்துவது வீண்செலவு. வயிற்றைப் புரட்டும், ஆகவே சாப்பாட்டுடன் கொடுக்க வேண்டும். பாமசிகளில் கிடைப்பது பெரிய உடம்புக்கான, மெல்லக் கரையும் குளிசை. ஐந்தாறு கிலோ நாய்க்கு அதை எந்த அளவில், எப்படிக் கொடுப்பது என்பதை வீட்டில் தீர்மானிக்கக் கூடாது. உயிர்ச்சத்து ஈ யையும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. மேலே பூசுவதற்கு 0.1 சதவீத ரக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது. பூசியபின் நாய் நக்காமல் பார்க்க வேண்டும், பூசுபவர் கையுறை அணிய வேண்டும். ஸ்டீரொயிட் கிறீமைக் குறுகிய காலத்துக்கு வைத்தியர் கொடுக்கலாம். ஆனால் அதை மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால் அது தன் பங்குக்குத் தோலை மெலியச் செய்து, போன முடியைத் திரும்ப வரவிடாது. முடி இல்லாத வெள்ளைத் தோல் வெயிலில் வெந்துபோகும் என்பதால், எங்கள் கடற்கரை வெயிலில் பகல் நேரத்தில் நாயை நிழலில் வைத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். ஒன்றுக்கும் அசையாத சிறு வட்டத்தைச் சத்திரசிகிச்சை மூலம் வெட்டி அகற்றுவதும் உண்டு.

கழிவு ஒயிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சொறி நாய்க்கு மோட்டார் சைக்கிள் கராஜில் கிடைக்கும் பழைய என்ஜின் ஒயிலைப் பூசும் வழக்கம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இன்னும் இருக்கிறது. மண்ணெண்ணெய் பூசுகிறவர்களும் உண்டு. நாய் தன் உடம்பைத் தானே நக்குகிற பிராணி, பூசிய ஒயிலும் அதில் கலந்துள்ள உலோகங்களும் வயிற்றுக்குள்தான் போகின்றன. தோலையும் அது வேகவைக்கிறது. ஏற்கெனவே குருதியோட்டம் குறைந்திருக்கும் இடத்தில் அதைப் பூசினால் ஆறாத புண் உண்டாகும். தேங்காயெண்ணெய் பூசினால் தீங்கில்லை, ஆனால் அடைபட்ட குருதிக்கலனை அது திறக்காது. வேப்பெண்ணெயும் அதைத் திறக்காது.

வட்டம் ஒன்றோடு நின்றுவிட்டால் அது பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்ட குறையே. அதோடு நில்லாமல் காதுகளின் விளிம்பு வெடிப்பதையோ, வால்நுனி கறுத்துக் காய்வதையோ, பாதத்தின் மெத்தை உரிவதையோ, கண்ணைச் சுற்றி முடி கொட்டுவதையோ கண்டால் ஒரு வாரம்கூடத் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். நுண்குருதிக்கலன்களின் பாதிப்பு ஊசி போட்ட இடத்தைத் தாண்டி உடலெங்கும் பரவியதன் அறிகுறிகள் அவை. காது விளிம்பும் வால்நுனியும் பாதமும் குருதியோட்டத்தின் கடைக்கோடியில் இருப்பதால் முதலில் அங்கேதான் தெரியும். அரிதாகத்தான் வரும், ஆனால் வந்தால் நீண்ட காலம் மருந்து வேண்டியிருக்கும்.

ரொனியின் வட்டத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "மனே, அந்த ஊசிதான் இதுக்குக் காரணமெண்டா இனிப் போடாம உடன்கா, வீட்டுக்குள்ள கிடக்கிற நாய்தானே" என்றார். அவர் அன்பினால் சொன்னார். இதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டு மதிலுக்கு வெளியே, மீன் சந்தையையும் குப்பை மேட்டையும் சுற்றித் திரியும் நாய்கள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது, கேற்றின் இடைவெளியால் மூக்கை நுழைத்து அவற்றோடு சண்டைபிடிப்பது ரொனியின் அன்றாடத் தொழில். அறிகுறி தோன்றிய பின் விசர்நோய் நாயையும் விடாது, மனிதரையும் விடாது. 1893 ஆம் ஆண்டிலேயே விசர்நோய்க்கென்று தனிச் சட்டம் இயற்றிய நாடு இலங்கை. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 300 க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்த நிலை மாறி, அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துகளாகக் குறைந்திருக்கிறது. கடிபட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசியோடு, நாய்களுக்குத் தெருத்தெருவாகப் போட்ட ஊசியும் அதைச் செய்தது. நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால்தான் நோய் நாயிலிருந்து நாய்க்குப் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தோளில் ஒரு வட்டம் முடியில்லாமல் போவதற்கு அஞ்சி அந்த 70 இலிருந்து ரொனியைக் கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

வைத்தியரும் நிறுத்தச் சொல்லவில்லை. போடும் முறையை மாற்றலாம் என்றார். அடுத்த முறை முகாமின் வரிசையில் நிற்காமல் மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுவர வேண்டும். பின்காலின் தொடையில், வெளிப்பக்கமாக, இயன்றளவு கீழே போடப்படும். அங்கே முடி உதிர்ந்தாலும் கண்ணில் படாது, வெட்டி அகற்ற நேர்ந்தாலும் எளிது. முன்பு போட்டதும் வேறு நிறுவனத்தின் மருந்தும் கையிருப்பில் இருந்தால் வேறொன்றைத் தெரிவு செய்யலாம். நாய்களுக்கான மற்றைய கூட்டுத் தடுப்பூசியை அதே நாளில் போடாமல் சில வாரங்கள் தள்ளிப் போடலாம். அப்போதுதான் ஏதாவது வந்தால் எதனால் வந்தது என்று சொல்ல முடியும். உடலெங்கும் பரவும் வகை வந்த நாயாக இருந்தால் கணக்கு வேறு. அதற்கு எந்தத் தடுப்பூசியைத் தொடர்வது, எதை விடுவது என்பதை அந்த நாயைச் சிகிச்சை செய்த வைத்தியரே சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

ரொனிக்கு இவ்வருட ஊசி இடது பின்தொடையில் போடப்பட்டது. அட்டையில் திகதிக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் "இடது பின்தொடை, வெளிப்பக்கம்" என்று எழுதித் தரும்படி கேட்டேன், வைத்தியர் மறுக்கவில்லை. முகாமுக்கே கொண்டுபோகிறவர்கள் ஊசி ஏறிய இடத்தை அங்கேயே கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டாலும் போதும். நாயைப் பிடித்திருப்பவருக்குக் கை ஒழியாது, படமெடுக்க வேறொருவர் கூடப் போக வேண்டும்.